நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்களோடு பேச்சு இதயப்புழு பக்கம் திரும்பினால் போதும், அதே சந்தேகங்கள் வரிசைகட்டி வந்துவிடும். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் நாய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அதை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. இதயப்புழுன்னா என்ன? வயித்துல இருக்கிற புழுதானே அது?

இல்லை. வயிற்றுப் புழு குடலில் இருக்கும், மலத்தில் வரும், சில சமயம் கண்ணுக்கே தெரியும். இதயப்புழு ரத்தக் குழாயில் வாழ்வது. மலத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அது தெரியாது. இதன் அறிவியல் பெயர் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ். வளர்ந்த பெண் புழு நூல் போல மெலிந்து, வெள்ளையாக, 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் புழு அதைவிடக் குட்டை.

பெயர் இதயப்புழு என்றாலும், அது பெரும்பாலும் தங்குவது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில். எண்ணிக்கை கூடும்போதுதான் இதயத்தின் வலது பக்கத்துக்குள் வந்து அடைக்கும். ஒரு புழு நாயின் உடம்பில் 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அந்தத் தமனிகளின் உள்சுவர் புண்ணாகித் தடித்துக்கொண்டே போகும்.

2. பக்கத்து வீட்டு நாய்க்கு இருக்காம். ஒண்ணா விளையாடினா ஒட்டிக்குமா?

விளையாடினால், நக்கினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. நடுவில் கொசு வந்தாக வேண்டும். நோயுள்ள நாயின் ரத்தத்தில் பெண் புழு ஈன்ற குஞ்சுப் புழுக்கள் மிதந்துகொண்டிருக்கும். இவற்றை மைக்ரோஃபைலேரியா என்பார்கள். கொசு ரத்தம் குடிக்கும்போது அவையும் உள்ளே போகின்றன. கொசுவின் உடம்புக்குள் அவை வளர்ந்து தொற்றக்கூடிய பருவத்துக்கு வர, 27 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 14 நாள் ஆகும். வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும்.

அடுத்த நாயை அந்தக் கொசு கடிக்கும்போது இளம்புழு நேராக ரத்தத்துக்குள் செலுத்தப்படுவதில்லை. கொசுவின் வாய்ப்பகுதியிலிருந்து ஒரு துளி திரவத்தோடு தோலின்மேல் விழுகிறது. கொசு பறந்தபிறகு, அது குத்திய துளை வழியாகத் தானே ஊர்ந்து உள்ளே போகிறது. ஆகவே பக்கத்து வீட்டு நாயைத் தொட்டு விளையாடுவதில் ஆபத்து இல்லை. ஆனால் அங்கே கடித்த கொசு உங்கள் வீட்டுக்கும் வரும். அந்த அளவில் அது உங்கள் கவலையும்தான்.

3. மாசாமாசம் மாத்திரை கொடுத்தா கொசு கடிக்காதா?

கடிக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். தடுப்பு மாத்திரை பின்னோக்கி வேலை செய்வது. இன்று கொடுக்கும் மாத்திரை, கடந்த ஒரு மாதத்தில் கொசுக்கடி வழியாக உள்ளே வந்துவிட்ட இளம்புழுக்களைக் கொல்கிறது. அடுத்த மாதம் வரப்போவதை அடுத்த மாத்திரைதான் கவனிக்கும். வாசலில் நிற்கும் காவலாளி இல்லை இது. மாதம் ஒருமுறை வந்து வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிறவர்.

ஏன் மாதக் கணக்கு என்றால், இளம்புழு நாயின் தோலுக்கு அடியிலும் தசையிலும் மெதுவாக நகர்ந்து வளரும்போது முதல் சில வாரங்கள்தான் மருந்துக்கு அகப்படும். சுமார் 50 நாள் தாண்டியதும் அது அடுத்த பருவத்துக்குத் தோலுரிக்கத் தொடங்குகிறது. அதன்பிறகு இந்தச் சிறிய அளவு மருந்தால் அதை உறுதியாகக் கொல்ல முடியாது. 30 நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் எந்தப் புழுவுக்கும் அந்த வயதை எட்ட நேரம் இருக்காது.

4. குடற்புழு மாத்திரை மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா கொடுக்கிறேன். அது போதாதா?

போதாது. நான் கேட்டதிலேயே அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். "பூச்சி மருந்து கொடுத்தாச்சு" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதால் வரும் வினை. பைரான்டல், பிரசிக்வான்டல், ஃபென்பென்டசோல் போன்றவை குடலில் இருக்கும் புழுக்களுக்கானவை. கொசு கொண்டுவந்த இளம்புழு அவற்றுக்கு அகப்படாது. அகப்பட்டாலும் மூன்று மாத இடைவெளி, மேலே சொன்ன கணக்குப்படி, மிக நீளம்.

இதயப்புழுவைத் தடுக்கும் மருந்துகள் வேறு குடும்பம்: ஐவர்மெக்டின், மில்பெமைசின், செலாமெக்டின், மாக்சிடெக்டின். இந்த நான்கில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டு மருந்து அட்டையின் பின்பக்கம் இருக்கிறதா, "இதயப்புழுத் தடுப்பு" என்று குறிப்பிட்டிருக்கிறதா, அந்த அட்டையில் சொன்ன இடைவெளியில்தான் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால்தான் தடுப்பு நடக்கிறது என்று பொருள். இவற்றில் சில, குடற்புழுக்களில் சிலவற்றையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். ஆனால் குடற்புழு மருந்து இதயப்புழுவைக் கவனிக்காது.

5. உண்ணிக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறோமே, அது?

ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர் போன்றவை தனியாக இருந்தால் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மட்டும்தான். சில தயாரிப்புகளில் இவற்றோடு 4ஆம் பதிலில் சொன்ன மருந்துகளில் ஒன்றைக் கலந்திருப்பார்கள். அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் சொல்லை நம்ப வேண்டாம்.

6. எங்க நாய் வெளியவே போகாது. கட்டில்ல படுத்துக்கிட்டே கிடக்கும். அதுக்குமா?

உங்களைக் கொசு கடிக்கிறதா? அப்படியென்றால் அதையும் கடிக்கும்.

7. குட்டிக்கு எந்த வயசுல ஆரம்பிக்கணும்?

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். 8 வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. முதல் தடுப்பூசிக்குப் போகும்போதே இதையும் கேட்டுவிடுவது எளிது. 7 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம். அந்த வயதில் வளர்ந்த புழு இருக்க வாய்ப்பில்லை, பரிசோதனையில் தெரியவும் தெரியாது. காரணம் 9ஆம் பதிலில் வருகிறது.

குட்டிகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது எடை. மாத்திரைகள் எடைப் பிரிவுப்படி வருகின்றன. மூன்றாம் மாதத்தில் வாங்கிய பெட்டியில் மீதமிருப்பதை ஆறாம் மாதத்தில் கொடுத்தால், அந்த நாய் இரண்டு பிரிவு தாண்டிப் போயிருக்கும். வளரும் வரை ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் எடை பாருங்கள். தனியாக எடை மேடை வேண்டாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை நின்று கழித்துக்கொண்டால் சரி.

8. நாய் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு முதல்ல ரத்தம் எடுக்கணும்கிறாங்க?

இரண்டு காரணம். தடுப்பு மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லாது. உள்ளே ஏற்கனவே புழு இருந்தால், நீங்கள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியில் இருப்பீர்கள், அது பாட்டுக்குத் தமனியைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, ரத்தத்தில் குஞ்சுப் புழுக்கள் ஏராளமாக மிதக்கும் நாய்க்கு மருந்து கொடுத்தால் அவை ஒரே நேரத்தில் செத்து, நாய் சில மணி நேரத்திலேயே வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் என்று சரிந்துவிடலாம். அரிதுதான். ஆனால் சில துளி ரத்தத்தில் தவிர்க்கக்கூடிய ஆபத்து.

நல்லாத்தானே இருக்கு என்பதைப் பற்றி: ஆரம்ப காலத்தில் எல்லா நாயும் நல்லாத்தான் இருக்கும். பிறகு வறட்டு இருமல், கொஞ்ச தூரம் ஓடினாலே இளைப்பு, எடை குறைவு, முற்றிய நிலையில் வயிற்றில் நீர்க்கோவை. இருமல் வரும் வரை காத்திருப்பது என்றால் தமனிகள் கெடும் வரை காத்திருப்பது.

9. ரெண்டு மாசமா மாத்திரை கொடுக்கல. இப்பவே டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடுமா?

தெரியாது. வழக்கமான பரிசோதனை தேடுவது புழுவை அல்ல. வளர்ந்த பெண் புழு ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை. இளம்புழு பெண் புழுவாக வளர்ந்து அந்தப் புரதத்தை விட 5 முதல் 7 மாதம் ஆகும். ஆக இன்று எடுக்கும் சோதனை, சுமார் அரை வருடத்துக்கு முந்தைய நிலவரத்தைத்தான் சொல்கிறது.

அதனால் விட்டுப்போன நாய்க்கு இரண்டு சோதனை: ஒன்று இப்போது, பழைய தொற்று இருக்கிறதா என்று பார்க்க; இன்னொன்று 6 மாதம் கழித்து, இடைவெளியில் ஏதாவது நுழைந்ததா என்று பார்க்க. இப்போது நெகட்டிவ் வந்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னொரு சிக்கல், இருப்பது ஆண் புழு மட்டும் என்றாலோ, ஒன்றிரண்டு பெண் புழுதான் என்றாலோ சோதனை நெகட்டிவ் காட்டலாம். ரத்தத்தில் குஞ்சுப் புழு இருக்கிறதா என்று நுண்ணோக்கியிலும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

10. போன மாசம் மறந்துட்டேன். இந்த மாசம் ரெண்டா கொடுத்துடவா?

வேண்டாம். 3ஆம் பதிலை நினைத்துப் பாருங்கள். வயது தாண்டிய புழுவுக்கு இரண்டு மாத்திரையும் போதாது. தாண்டாத புழுவுக்கு ஒன்றே போதும். இரட்டிப்பாகக் கொடுப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

சில நாள் தாமதம் என்றால் நினைவு வந்த அன்றே ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியிலிருந்து மாதக் கணக்கைத் தொடருங்கள். பழைய தேதிக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மாத்திரை முழுதாகவே விட்டுப்போயிருந்தால், அதாவது கடைசி மாத்திரைக்கும் இன்றைக்கும் இரண்டு மாதம் ஆகிவிட்டால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு உடனே மறுபடி தொடங்குங்கள். சோதனைக் கணக்கு மேலே சொன்னதுதான். "எப்படியும் விட்டாச்சு, அடுத்த மாசம் முதல் தேதியில இருந்து ஒழுங்கா ஆரம்பிக்கலாம்" என்று நல்ல நாள் பார்ப்பதுதான் இதில் மோசமான முடிவு. அந்த இடைவெளிதான் புழுவுக்கு வேண்டியது.

11. வாயில போட்டா முழுங்குற மாதிரி முழுங்கிட்டு, அப்புறம் சோபா மூலையில துப்பி வைக்குது. என்ன செய்ய?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது, பலருக்கு நடப்பதே தெரிவதில்லை. நாய் மாத்திரையைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நடந்துபோகும். வாயில் போட்டதும் மூக்கைச் சற்று மேலே தூக்கி வாயை மூடிப் பிடித்து, தொண்டையைத் தடவிவிடுங்கள். விழுங்கியதும் பெரும்பாலான நாய்கள் மூக்கை ஒருமுறை நக்கும். அதுவரை கையை எடுக்காதீர்கள். பிறகு சில நிமிடம் கூடவே இருங்கள். மெல்லும் வகை மாத்திரை என்றால் கையால் துண்டாக்கிக் கொடுத்தாலும் பரவாயில்லை. கடைசித் துண்டு வரை உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

கொடுத்த ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, அதில் மாத்திரை தெரிந்தால் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் மறுபடி கொடுக்கச் சொல்வார். மாதாமாதம் போராட்டமாகவே இருந்தால் பிடரியில் விடும் சொட்டு மருந்துக்கு மாறிவிடலாம். அதை முடிமேல் விடாமல், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். பக்கத்தில் வேறு நாயோ பூனையோ இருந்தால் காயும் வரை பிரித்து வையுங்கள், நக்கிவிடும்.

12. மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் விலை குறைவு. மருந்து ஒண்ணுதானே, ஒரு சொட்டு கொடுத்தா என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதயப்புழுத் தடுப்புக்கு ஐவர்மெக்டின் அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம். மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அப்படியானால் உங்கள் நாய்க்கு வேண்டியது 0.006 மில்லிலிட்டர். எந்த சிரிஞ்சிலும் அதை அளக்க முடியாது. "ஒரு சொட்டு" என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர், தேவையைப்போல் எட்டு மடங்கு. நீர்த்துப் பார்க்கலாம் என்றால், தண்ணீரில் அது ஒழுங்காகக் கரையாது. ஒரு தடவை ஒன்றும் வராது, அடுத்த தடவை மொத்தமும் வரும்.

13. கோலி நாய்க்கு ஐவர்மெக்டினே ஆகாதுன்னு கேள்விப்பட்டேன்.

பாதி உண்மை. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ச்சல் இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு குறை இருக்கும். மூளைக்குள் மருந்து போகாமல் வெளியே தள்ளிவிடும் ஏற்பாடு அவற்றில் வேலை செய்யாது. சொறிநோய்க்குக் கொடுக்கும் அளவு ஐவர்மெக்டின், அதாவது கிலோவுக்குச் சில நூறு மைக்ரோகிராம், இந்த நாய்களுக்கு உயிர்போகும் விஷம். ஆனால் 6 மைக்ரோகிராம் என்ற தடுப்பு அளவு இவற்றுக்கும் பாதுகாப்பானது. 12ஆம் கேள்விக்காரர் வீட்டில் கோலி இருந்தால்தான் கவலை.

14. வருஷத்துக்கு ஒரே ஒரு ஊசி போதுமாமே? அது தடுப்பூசியா?

ஊசிதான், தடுப்பூசி இல்லை. இதயப்புழுவுக்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது. ஒருமுறை வந்து குணமான நாய்க்கும் நிலைத்த எதிர்ப்புசக்தி வருவதில்லை. நீங்கள் கேள்விப்பட்டது மாக்சிடெக்டின் மருந்தைச் சிறு மணிகளில் அடைத்து, தோலுக்கடியில் இருந்து மெதுவாகக் கசியும்படி செய்த தயாரிப்பு. 6 மாத வகை, 12 மாத வகை இரண்டும் உண்டு. எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை.

மறதிக்காரர்களுக்கு இது நல்ல வழி. கொடுத்தாரா இல்லையா என்ற சந்தேகமே இல்லை, மருத்துவமனைப் பதிவேட்டில் தேதி இருக்கும். ஆனால் போட்டபிறகு ஒவ்வாமை வந்தால் மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எடை வேகமாகக் கூடும் குட்டிகளுக்கும் இது தோதுப்படாது.

15. வேப்பெண்ணெய் தடவறோம், சாப்பாட்டுல பூண்டு போடறோம். இயற்கையா இதுவே போதும்னு சொல்றாங்க.

பூண்டை இன்றே நிறுத்துங்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை கொண்டுவரும். வேப்பெண்ணெய் கொசுவைக் கொஞ்ச நேரம் விலக்கலாம். நூறு கொசுவில் தொண்ணூறை விலக்கினாலும் மீதிப் பத்தில் ஒன்று போதும்.

கொசுவைக் குறைப்பது நல்லதுதான். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள், கொசு விரட்டும் மருந்துப் பட்டையும் கட்டலாம். இவை எல்லாம் மாத்திரையோடு சேர்ந்து, மாத்திரைக்குப் பதிலாக அல்ல. ஒரு எச்சரிக்கை: கொசுவை விரட்ட நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய விஷம். வீட்டில் இரண்டும் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

16. ஒரு மாசம்கூட விடாம கொடுத்தேன். ஆனாலும் பாசிட்டிவ் வந்துடுச்சு. எப்படி?

முதலில் எந்தச் சோதனை என்று பாருங்கள். நுண்ணோக்கியில் குஞ்சுப் புழு தெரிந்தது என்றால் அது வேறு இனமாகவும் இருக்கலாம். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் தோலுக்கடியில் வாழ்வது. அதன் குஞ்சும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புரதச் சோதனை பாசிட்டிவ் என்றால், வேறொரு சோதனையில் உறுதி செய்துகொண்டுதான் சிகிச்சை தொடங்க வேண்டும்.

உறுதியானால், பழி பெரும்பாலும் மருந்தின்மேல் இருக்காது. தொடங்கும் முன்பே தொற்று இருந்திருக்கலாம், எடைப் பிரிவு மாறியிருக்கலாம், 11ஆம் கேள்வியில் வந்த சோபா மூலை இருக்கலாம். நாள்காட்டியில் குறித்து வைப்பவர்கள் விடுபட்ட மாதத்தை அங்கேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மருந்துக்கு மசியாத புழு வகைகளும் உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இவை உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. ஆனாலும் முதல் சந்தேகம் அதன்மேல் போகத் தேவையில்லை.

17. பாசிட்டிவ் வந்தா அவ்வளவுதானா? தடுப்பு மாத்திரையையே தொடர்ந்து கொடுத்தா புழு மெதுவா செத்துடும்னு ஒருத்தர் சொன்னாரே?

அவ்வளவுதான் இல்லை, பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து மெலார்சோமின் என்ற ஆர்செனிக் சேர்மம். இடுப்புத் தசையில் ஆழமாகப் போடும் ஊசி. வழக்கமாக முதலில் டாக்சிசைக்ளின் நான்கு வாரம். புழுவுக்குள் ஒட்டி வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவை அது அழித்து, புழுவைப் பலவீனமாக்கும். பிறகு சில வாரம் விட்டு ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாள் இரண்டு ஊசி.

இதில் கஷ்டமான பகுதி ஊசி இல்லை, ஓய்வு. செத்த புழு கரைந்து போகும் வரை துண்டு துண்டாக நுரையீரல் குழாய்களில் அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால், குதித்தால், ரத்த ஓட்டம் கூடி உயிருக்கே ஆபத்து. நோய் தெரிந்த நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை, சிறுநீர் மலத்துக்குக்கூட வாரில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். மருந்து போட்டதும் நாய்க்குத் தெம்பு வந்துவிடும், அப்போதுதான் அடக்குவது பெரும்பாடு.

மாத்திரையாலேயே மெதுவாகக் கொல்லும் வழி பரிந்துரைக்கப்படுவதில்லை. புழு சாக ஆண்டுக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் தமனி கெட்டுக்கொண்டே இருக்கும். ஊசி கிடைக்காத இடத்தில், அல்லது நாயின் உடம்பு தாங்காத நிலையில், மருத்துவர் டாக்சிசைக்ளினோடு சேர்த்து அந்த வழியில் போகலாம். அது வேறு வழியில்லாதபோது எடுப்பது. ஈறு திடீரென வெளிறி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போய், நாய் சுருண்டு விழுந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள்; இதயத்துக்குள் புழுக் கொத்து அடைத்துக்கொண்டிருக்கலாம், உடனே வெளியே எடுத்தாக வேண்டும்.

18. பூனைக்கு வருமா? எங்களுக்கு?

பூனைக்கு வரும். ஒன்றிரண்டு புழுதான் இருக்கும், ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு அதுவே அதிகம். பூனைக்கு மெலார்சோமின் போட முடியாது. ஆகவே தடுப்பைத் தவிர வழியில்லை. மனிதரில் அரிதாக ஒரு புழு நுரையீரலில் மாட்டிச் செத்து, எக்ஸ்ரேயில் நாணயம் போல ஒரு புள்ளியாகத் தெரியும். புற்றுநோயோ என்று பயந்து பார்க்கும்போதுதான் இது தெரியவரும். அதுவும் கொசுவிடமிருந்து வருவதுதான், நாயைக் கொஞ்சுவதால் அல்ல.

19. தெருவிலிருந்து ஒரு நாயை எடுத்து வந்திருக்கோம். வயசு தெரியாது, முன்னாடி என்ன மருந்து கொடுத்தாங்கன்னும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்க?

வந்த வாரமே இரண்டு சோதனையும்: புரதச் சோதனை, நுண்ணோக்கிச் சோதனை. இரண்டும் நெகட்டிவ் என்றால் அன்றே முதல் மாத்திரை, 6 மாதத்தில் மறுபடி சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பாசிட்டிவ் என்றால் முதல் வேலை நாய் ஓடியாடுவதை நிறுத்துவது. மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுத்து எந்த அளவு பாதிப்பு என்று பார்ப்பார். தடுப்பு மருந்தை அப்போதும் தொடங்குவார்கள், புதிதாக எதுவும் உள்ளே வளராமல் இருக்க. ஆனால் குஞ்சுப் புழு அதிகமிருந்தால் முதல் மாத்திரையை வீட்டில் கொடுக்காதீர்கள். காலையில் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, அன்று மாலை வரை அங்கேயே வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.